உட்காரும் உரிமை: ‘ஒருநாள் சென்னை’ என்னும் பிரதியை முன்வைத்து

‘ஒரே நாளில் சென்னை’ என்று எழுதப்படுகிற பிரதிகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. காலையில் அருங்காட்சியகம், மதியத்துக்கு மேல் கடைத்தெரு, இருட்டிய பிறகு கேளிக்கை. விடுதி வரவேற்பறையில் கிடக்கும் மடிப்புத்தாள், ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ், விமானத்தில் முன் இருக்கையின் முதுகில் செருகியிருக்கும் வழவழப்பான சஞ்சிகை, எதை எடுத்தாலும் இந்த வரிசை மாறுவதில்லை. ஊர்ப்பெயரை மாற்றிவிட்டால் கொழும்புக்கும் பாங்காக்குக்கும் இதே பிரதி அப்படியே பொருந்தும். இதில் வருகிற ‘நீங்கள்’ யார் என்று கேட்டுப் பார்க்கலாம். அவருக்குச் சாதி இல்லை, பால் இல்லை, மூட்டுவலி இல்லை. ஒரு ஜோடிக் கண்ணும் ஒரு பணப்பையும்தான் அவர். நகரம் அந்தக் கண்ணுக்காகக் காலையில் விரிகிறது, இரவில் மடங்குகிறது.

இது சும்மா உல்லாச எழுத்து, இதைப் போய் விமர்சிப்பானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம்முடைய கட்டுரைகளைவிட, ஏன் நம் நாவல்களைவிட, அதிகம் பேர் வாசிப்பது இந்த மாதிரிப் பிரதிகளைத்தான் என்பது ஒரு பதில். இன்னொரு பதிலும் இருக்கிறது. ஒரு நகரத்தின் பகலையும் இரவையும் வரிசைப்படுத்திச் சொல்வது தமிழில் நேற்று வந்த காரியமல்ல. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகளில் அதைத்தான் செய்கிறது. நாளங்காடி வருகிறது, அந்தி சாய்ந்ததும் அல்லங்காடி வருகிறது, பிறகு ஜாமம் ஜாமமாக இரவு நகர்கிறது. விளக்கேற்றும் பெண்கள், பரத்தையர், கடையடைக்கிறவர்கள், மூன்றாம் ஜாமத்துக் கள்வர்கள், அவர்களைத் தேடி அலையும் ஊர்க்காவலர்கள் என்று எல்லாருக்கும் அந்தப் பிரதியில் இடமுண்டு. எம்.ஏ. வகுப்பில் இதை எங்களுக்கு ‘நகர வருணனை’ என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிக் கடந்துபோனார்கள். எனக்கு மனசில் தங்கியது இரண்டாம் ஜாமத்தில் வருகிற ஒரு சிறு காட்சி: பலகாரம் விற்கிறவர்கள் தங்கள் பண்டங்களோடு இருந்தபடியே ஆடியசைந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பொற்காலம் பாட நான் வரவில்லை. அது அரசவைப் பிரதி. பகைவர் நாட்டை எரித்த கதையையும் அதே பெருமிதத்தோடு சொல்கிறது. ஆனால் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் இவ்வளவு நகரத்தையும் விரித்துக் காட்டி, இதெல்லாம் நிலையாது என்பதுதான் அதன் திணை. இன்றைய ஒருநாள் பிரதியோ, இதெல்லாம் கிடைக்கும் என்கிறது. அதோடு விற்கிறவனின் தூக்கத்தை அது பார்ப்பதே இல்லை. இந்த இடத்திலிருந்துதான் எனக்கு ஒரு கேள்வி கிடைத்தது. நகரத்தை, எங்கே என்ன பார்க்கலாம் என்று கேட்டு வாசிக்காமல், எங்கே யார் உட்காரலாம் என்று கேட்டு வாசித்தால் என்ன?

போன மே மாதம் அக்காள் மகளோடு சென்னையில் ஒரு நாள் முழுக்க இந்த வரிசைப்படியே சுற்றினேன். அவள் கோவிட்டுக்கு முன்பு தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். இப்போது ஊரில் உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். இரண்டு வருஷம் சென்னையில் இருந்தும் அவள் மியூசியம் பார்த்ததில்லை.

எழும்பூரில் இறங்கி நடந்தோம். பெயர்ப்பலகையில் ‘பாந்தியன் சாலை’ என்று படித்துவிட்டு, “பாண்டிய ராஜா பேரா மாமா?” என்றாள். பாண்டியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாந்தியன் என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த இடத்தில் இருந்த கேளிக்கை மண்டபத்தின் பெயர். வெள்ளைக்காரர்கள் விருந்தும் நடனமும் நாடகமும் நடத்திய இடம். அதாவது ஒருநாள் பிரதி காலையில் வைக்கிற அருங்காட்சியகமும் இரவில் வைக்கிற கேளிக்கையும் சென்னையில் ஒரே மனையில் முளைத்தவை. 1851இல் கல்லூரிச் சாலையில் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம், எட்வர்ட் பால்ஃபரின் பொறுப்பில், சில ஆண்டுகளிலேயே இந்த வளாகத்துக்கு வந்துவிட்டது. முதலில் இருந்தது கோட்டைக் கல்லூரிக் கட்டடம். அதனால்தான் சனங்கள் இதைக் ‘காலேஜ்’ என்றார்கள் என்பார்கள்.

வெறும் காலேஜ் இல்லை, ‘செத்த காலேஜ்’. 1855இல் பால்ஃபர் இதே வளாகத்தில் மிருகங்களையும் வைத்தார். 1863இல் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. அது ‘உயிர் காலேஜ்’. நம் கோட்பாட்டாளர்கள் ஃபூக்கோவின் கட்டுரையிலிருந்து அருங்காட்சியகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டுவதுண்டு. நானும் காட்டியிருக்கிறேன். ஆனால் மெட்ராஸ் ரிக்‌ஷாக்காரரும் காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்த சனமும் இரண்டே சொல்லில் சொன்ன விமர்சனத்துக்கு அது ஈடாகுமா என்பது சந்தேகம். கல்வி என்ற பெயரில் செத்ததை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிற இடம் என்று அவர்கள் வாசித்தார்கள். வாசித்துவிட்டு வராமலும் இருக்கவில்லை. கூட்டம் கூட்டமாக வந்தார்கள், திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள், மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். செத்த காலேஜ், உயிர் காலேஜ், மூர் மார்க்கெட், மெரினா என்பது ஏழைகளின் ஒருநாள் பிரதி. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது, அதே ஆண்டு உயிர் காலேஜ் வண்டலூருக்குப் போனது. அந்தப் பிரதியின் நடுப்பக்கங்கள் கிழிந்துவிட்டன.

சனங்கள் பார்க்க வந்தார்கள் என்றேன். அவர்களும் பார்க்கப்பட்டார்கள். 1885 முதல் 1908 வரை இங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், இந்த வளாகத்தை வைத்தே மனித உடல்களை அளக்கும் ஆய்வை நடத்தினார். மூக்கின் நீளத்தையும் அகலத்தையும் கருவி வைத்து அளந்து சாதிக்கும் உடலுக்கும் கணக்குப் போட்டார். ரங்காச்சாரியின் உதவியோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ இப்படி விளைந்ததுதான். நம் சாதிச் சங்கங்கள் இன்றைக்கும் தங்கள் பூர்வீகத்துக்கு அந்தத் தொகுதிகளையே சாட்சிக்கு அழைக்கின்றன. கண்ணாடிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது அன்றைக்கே குழம்பிப்போன விஷயம்.

வெண்கலக் காட்சிக்கூடத்தில் அவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நான் என் பாடத்தை ஆரம்பித்தேன். பிரெஞ்சுச் சிற்பி ரொதான் இந்தச் சிலையை நேரில் பார்க்காமல், நிழற்படங்களைப் பார்த்தே 1913இல் கட்டுரை எழுதினார், அது 1921இல் வெளிவந்தது, அதன்பிறகே உலகம் இதைக் ‘கலை’ என்று கண்டது, இப்படியெல்லாம். அவள் கேட்டாள்: “இதுக்கெல்லாம் பூசை உண்டா?” இல்லை என்றேன். “அப்ப சாமிக்கு லீவுதான்.” கொஞ்சம் நகர்ந்து போய்த் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: “இவரும் நம்ம கட்சிதான் மாமா. ஒத்தக் கால்லயே நிக்காரு.”

பத்தூர் நடராஜர் நினைவுக்கு வந்தார். கோயிலிலிருந்து களவுபோய் லண்டன் சேர்ந்த சிலை. அங்கே நடந்த வழக்கில் 1988இல் இந்தியத் தரப்பு வென்றது, 1991இல் சிலை திரும்பியது. இந்து தெய்வம் சட்டத்தின் முன் வழக்காடத் தகுதியுள்ள ஆள் என்ற கருத்து அந்த வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது. அமராவதிக்கு அந்தப் பாக்கியமில்லை. வால்டர் எலியட் 1845இல் தோண்டியெடுத்த கற்கள் சென்னைக்கு வந்து, 1859இல் லண்டனுக்குப் போய், இன்றைக்கும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, மிச்சம் எழும்பூரில். ஒரே தூபி, இரண்டு காட்சிக்கூடம். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த ஏறக்குறைய 350 புத்தப் படிமங்களில் கணிசமானவை இங்கே உள்ளன, எஞ்சியவை எங்கெங்கோ. தமிழகத்தின் பௌத்தம் எங்கே என்று மேடையில் கேட்கிற நாம் பாந்தியன் சாலைக்கு ஒரு நடை போய்வரலாம். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை.

காட்சிக்கூடங்களில் காவலுக்கு இருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். என் கேள்விக்குச் செத்த காலேஜில் கிடைத்த பதில் அதுதான். அந்த நாற்காலியை யாரும் தானமாகத் தரவில்லை. அரசு ஊழியர் சங்கங்களின் நீண்ட வரலாறு அதன் கால்களில் இருக்கிறது. பெருக்கிக்கொண்டிருந்த பெண் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

மதியத்துக்கு மேல் மாம்பலம். ரயில் நிலையத்திலிருந்து 2023இல் திறந்த ஆகாய நடைமேடை வழியாகப் போகலாம் என்றேன். “மேல போனா தெரு தெரியாது” என்று கீழேயே இழுத்துக்கொண்டு போனாள். தி.நகர் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய நகர். ரங்கநாதன் தெருவில் நடக்கும்போது கால் தானாகப் போகும், கூட்டம் தள்ளிக்கொண்டு போகும். பெஞ்சமினைப் படித்துவிட்டுப் பாரிஸ் கடைவீதிகளில் சாவகாசமாக உலாத்தும் அந்த மனிதனைத் தமிழ்நாட்டில் தேடுகிற நண்பர்கள் ஒரு தடவை ஆடி மாதத்தில் இங்கே வரட்டும். உலாத்த முடியாது. நின்றால் மிதிபடுவோம்.

இந்தத் தெருவைப் பற்றி 2010இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ வந்தது. தென்மாவட்டங்களிலிருந்து வந்து, கடையிலேயே நின்று, விடுதியில் நெருக்கியடித்துப் படுக்கிற பிள்ளைகளைத் தமிழ் சினிமா முதன்முதலாகக் கண்ணெடுத்துப் பார்த்தது என்று கொண்டாடினோம். கொண்டாட வேண்டிய படம்தான். ஆனால் அதன் கதையாடல் துன்பத்தைத் தனிமனிதக் காதலின் தலையில் ஏற்றி, விபத்தில் கால்களை வெட்டி, பார்வையாளரை அழவைத்து அனுப்புகிறது. கூட்டாகக் கேட்பது என்ற சாத்தியத்தை அது வளர்த்தெடுக்கவில்லை. அழுதுவிட்டு வந்த சனம் அடுத்த வாரமே அதே தெருவில் துணி எடுத்தது. 2008 செப்டம்பரில் இந்தத் தெருவின் பல மாடிக் கடை ஒன்றில் தீப்பிடித்து, உள்ளே இருந்த ஊழியர்கள் இருவர் செத்துப்போனதை இந்தத் தெரு எவ்வளவு சீக்கிரம் செரித்துக்கொண்டது என்பதும் நமக்குத் தெரியும்.

கூட்டாகக் கேட்டது வேறு இடத்தில் நடந்தது. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு, உட்கார இடம். ‘பெண்கூட்டு’ என்ற அந்த இயக்கத்தின் தொடர்ச்சியாகக் கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலையாட்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க நேராதபடி, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள இருக்கை வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு மனுஷி உட்காருவதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருக்கிறது. எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

அவள் வேலை பார்த்த கடைக்குள்ளேயே போனோம். சேலைப் பிரிவில் எங்களுக்கு ஸ்டூல் போட்டார்கள். நான் உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. சேலை விரித்துக்கொண்டிருந்த பெண், “உக்காருங்கக்கா” என்று மூன்று தடவை சொன்னாள். “பரவால்லம்மா” என்று நின்றபடியே ஏழெட்டுச் சேலை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒங்களுக்கு ஸ்டூல் போட்ருக்காங்களா இப்ப?” என்று கேட்டாள். அந்தப் பெண் கண்ணாலேயே மூலையைக் காட்டினாள். ஸ்டூல் இருந்தது. அதன்மேல் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. “பெட்டிதான் உக்காந்திருக்குக்கா” என்றாள். சூப்பர்வைசர் இந்தப் பக்கம் திரும்பினார். இருவரும் சேலைக்குப் போய்விட்டார்கள்.

நிற்பதால் கடைக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பார்த்தால் புதிராக இருக்கும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து எழுந்தவள் இன்னும் சுறுசுறுப்பாக விற்பாள். எந்த முதலாளித்துவக் கணக்கின்படியும் ஸ்டூல் லாபம்தான். பின்னே ஏன் நிற்க வைக்கிறார்கள்? நம் இடதுசாரி நண்பர்கள் உபரி மதிப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதி வாசிப்பு என்று எனக்குப் படுகிறது. அங்கே விற்கப்படுகிற பண்டங்களில் நிற்பதும் ஒன்று. நாம் உள்ளே நுழைந்ததும் ஒருத்தி நிமிர்ந்து நிற்கிறாள் பாருங்கள், அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். ஊரில் இதைக் காசில்லாமல் அனுபவித்தவர்கள் உண்டு. ஆண்டை வரும்போது எழுந்து நிற்பது, துண்டை இடுப்பில் கட்டுவது, திண்ணையில் ஏறாமல் இருப்பது. கிராமத்தில் சாதி வாங்கிய மரியாதையை நகரத்துக் கடை சில்லறையாக எல்லாருக்கும் விற்கிறது. யார் வேண்டுமானாலும் இருநூறு ரூபாய்த் துண்டு வாங்குகிற நேரத்துக்கு ஆண்டையாக இருக்கலாம். சேவை என்று அதற்குப் பெயர்.

சாதியையும் நாற்காலியையும் நான் வலிந்து முடிச்சுப் போடுவதாகத் தோன்றினால், 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்தலில் வென்ற தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில். பதவி, கையெழுத்து, முத்திரை எல்லாம் தந்த சட்டத்தால் அந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தர முடியவில்லை. 22-ஏ பிரிவும் அதே மாதிரித்தான் மூலையில் அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டிருக்கிறது.

கடைசியில் அவள் அக்காளுக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்தாள்.

இரவுக்கு வருவோம். ஒருநாள் பிரதி ‘நைட் லைஃப்’ என்கிறது. தமிழில் இதற்கு ஒரு சொல் பண்ணவேண்டுமென்றால் இராப் பிழைப்பு என்றுதான் சொல்வேன், ஏனென்றால் ஒருத்தருடைய லைஃப் இன்னொருத்தருடைய பிழைப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் இருபத்துநாலு மணிநேரமும் திறக்கலாம் என்று 2019இல் தமிழ்நாடு அரசு மூன்றாண்டுக்கு அனுமதி தந்தது, 2022இல் அதை நீட்டித்தது. பெண்கள் சாதாரணமாக இரவு எட்டு மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது, எழுத்துமூலம் சம்மதம் தந்தால் செய்யலாம் என்று அதில் ஒரு நிபந்தனை. விடுதியில் சோறு போடுகிற முதலாளி நீட்டுகிற தாளில் ‘சம்மதம்’ என்பதன் பொருள் என்ன என்று பெண்ணியவாதிகள் எழுதவேண்டும். சட்டம் பெண்ணின் இரவை வேலைக்கு மட்டும் திறந்துவிட்டிருக்கிறது. சும்மா இருப்பதற்குத் திறக்கவில்லை.

நட்சத்திர விடுதிகளின் மதுக்கூடங்களைப் பற்றி எழுத எனக்கு அனுபவம் போதாது, ஆர்வமும் இல்லை. டாஸ்மாக் பத்து மணிக்கு மூடிவிடும். அதன் வாசலில் நடப்பதை எந்த மடிப்புத்தாளும் நைட் லைஃப் என்று அச்சிட்டதில்லை. நடு ராத்திரிக்கு மேல் கோயம்பேட்டில் லாரிகள் வந்து நிற்க, மூட்டை இறக்குகிறவர்கள் காலி மூட்டைகளின்மேலேயே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். மதுரைக்காஞ்சியின் பலகாரக்காரர்களுக்கு இன்றைய வாரிசு அவர்கள்தான்.

நாங்கள் மெரினாவுக்குப் போனோம். மணலில் உட்கார்ந்தோம். அந்த நாளில் அவள் சேர்ந்தாற்போல அரை மணிநேரம் உட்கார்ந்தது அங்கேதான். பத்தரை மணிவாக்கில் ஜீப் வந்தது. “கெளம்பு, கெளம்பு” என்று ஒலிபெருக்கி. ஒரு காவலர் இறங்கி வந்து என்னிடம் கேட்டார்: “யாரு இது?” அக்கா மகள் என்றேன். அவளிடம் திரும்பி, “என்ன முறை வேணும்?” “தாய்மாமா சார்.” அவர் சிரித்தார்: “அப்ப கட்டிக்கிற முறைதானே?” ஊரில் அதே வார்த்தை கேலி, அத்தைமார்கள் சொல்வது. இருட்டில் லத்தியோடு ஒருத்தர் சொல்லும்போது அது விசாரணை. நம் உறவுமுறைச் சொற்கள் ஒவ்வொன்றிலும் ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சந்தேகத்துக்கிடமானவரிடம் நன்னடத்தைக்குப் பிணை கேட்கிற பழைய 109ஆம் பிரிவு 2024இலிருந்து புதிய சட்டத்தில் 128 ஆகியிருக்கிறது. எண்தான் மாறியிருக்கிறது. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு நடந்தோம்.

அதே மணலில் 2017 ஜனவரி 17 முதல் 23 காலை வரை பல்லாயிரம் பேர் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். ஜல்லிக்கட்டு என்ற கோரிக்கையின்மேல் எனக்கு விமர்சனம் உண்டு. அதன் ஆண்மைக் கதையாடலையும் அதில் சாதி ஒளிந்துகொண்ட விதத்தையும் பேசியே ஆகவேண்டும். ஆனால் அந்த ஆறு இரவுகளில் பெண்கள் கடற்கரையில் படுத்துத் தூங்கினார்கள், யாரும் என்ன முறை என்று கேட்கவில்லை. சென்னைக்கு நைட் லைஃப் என்று ஒன்று இருந்திருந்தால் அது அந்த ஆறு இரவுதான். 23ஆம் தேதி அதைக் கலைத்தார்கள். தப்பி ஓடியவர்களுக்குக் கரையோரக் குப்பங்கள் கதவு திறந்தன. போலீஸ் நடுக்குப்பத்துக்குள் புகுந்தது, அங்கே மீன் சந்தை எரிந்தது. எரித்தது போலீஸ்தான் என்று அந்தப் பெண்கள் கேமராவுக்கு முன்னால் சொன்னார்கள். காலை மடக்கிப்போட்டு, அரிவாள்மனைக்கு முன்னால், யாருக்காகவும் எழுந்திருக்காமல் உட்கார்ந்து வியாபாரம் செய்கிற பெண்கள் அவர்கள். வாங்க வருகிறவர்தான் குனிய வேண்டும்.

2023 ஏப்ரலில் அதே கரையின் லூப் சாலை மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது, மீனவர்கள் மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. ஒருநாள் பிரதியின் அடுத்த பதிப்பில் அதுவும் பார்க்கவேண்டிய இடமாக ஏறிவிடும். அந்த மேடைகளில் விற்கிறவர்கள் உட்கார்ந்து விற்கிறார்களா, நின்று விற்கிறார்களா என்று போகிற நண்பர்கள் பார்த்து எழுதுங்கள்.